பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு

சிறுநகரத்தில் தமிழ் விரிவுரையாளராக இருப்பவளுக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்ப்பது. தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊருக்கு நான் வந்து பதினாறு வருடமாகிறது. தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதம் நெருங்கினாலே மாணவிகள், அவர்களின் அண்ணன்கள், பக்கத்துத் தெருக்காரர்கள், பால்காரர் என்று யாராவது ஒரு தாளோடு வந்து நிற்பார்கள். "அம்மா, ஒரு தடவ பாத்துக் குடுத்துருங்க. அச்சாபீஸ்ல இன்னைக்குக் குடுக்கணும்." நானும் சிவப்புப் பேனாவை எடுத்து 'திருவளர்ச்செல்வன்' என்பதன் நடுவில் நிற்கும் 'ச்'சை அடிப்பேன். அது வினைத்தொகை, வல்லினம் மிகாது. 'திருநிறைச்செல்வி'யிலும் அப்படியே. அடித்துக் கொடுத்த 'ச்' அச்சாகி வரும்போது தன் இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். "எல்லாரும் இப்புடித்தான் போடுறாங்க, அதான் பழகிருச்சு" என்பார் அச்சகத்துக்காரர்.

ஒரு மெய்யெழுத்தோடு இத்தனை வருடம் மல்லுக்கட்டியவள், அந்தத் தாளில் இருந்த மற்ற இலக்கணத்தைப் படிக்கவில்லை. படிக்க வைத்தவள் என் மாணவி.

இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு. அப்பா இறந்து நான்கு வருடம். பையன் அவள் படித்த பள்ளியிலேயே இரண்டு வகுப்பு மேலே படித்தவன். பத்தாம் வகுப்பிலிருந்து பழக்கம். இருவரும் ஒரே சாதி. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் வரும் 'சம்மதம்' எதற்கும் பொருள் இருக்காது. சாதி வேறாக இருந்திருந்தால் அவள் என்னிடம் பத்திரிகையோடு வந்திருக்க மாட்டாள். எந்த வக்கீலைப் பார்க்கலாம் என்று கேட்டு வந்திருப்பாள், அதுவும் உயிர் கையில் இருந்தால்.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. கல்யாணத்தை அவளும் அவனும் சேர்ந்தே திட்டமிடுகிறார்களாம், அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. படித்துப் பார்த்தேன். வரவேற்பு மேடைப் பின்னணி வெளிர் ஊதா. ப்ரீ-வெட்டிங் ஷூட் ஏரிக்கரையில் ஒரு நாள், மனோராக் கோட்டையில் ஒரு நாள். ட்ரோன் உண்டு. நுழையும்போது போட வேண்டிய பாட்டு, வெட்ட வேண்டிய கேக், காளான் பிரியாணியா பனீர் பிரியாணியா, மெகந்தி போட எந்தத் தோழி, வாட்ஸ்அப் அழைப்புக்கு எந்தப் படம். பதினெட்டுப் பக்கம். நான் கேலி செய்யவில்லை. என் வயதுப் பெண்களுக்கு இந்தப் பதினெட்டுப் பக்கமும் கிடைக்கவில்லை. புடவை நிறத்தைக்கூட மாப்பிள்ளை வீட்டு நாத்தனார்தான் முடிவு செய்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவனோடு ஏரிக்கரையில் நடந்தோம் என்று படம் வைத்திருக்கும் முதல் தலைமுறை இவர்கள். அந்தப் படங்களில் ஒப்பனைக்கு அடியில் நிஜமான சிரிப்பு இருக்கிறது.

ஆனால் நோட்டில் இல்லாதவற்றையும் பார்த்தேன். தேதி இல்லை, அது ஜோசியருடையது. மண்டபம் இல்லை, மாமாவுடையது. எத்தனை பவுன் என்பது இல்லை. கடன் எவ்வளவு, யார் பெயரில், என்ன வட்டி என்பது இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு எந்த வீடு என்பது இல்லை. ஏப்ரலில் கடைசிப் பருவத் தேர்வு எழுதுவாளா என்பதும் இல்லை. ஃப்ளெக்ஸ் பேனரில் எந்தத் தலைவர் படம், எந்தக் கொடியின் நிறம் என்பதை அவளுடைய பெரியப்பா மகன்கள் பார்த்துக்கொள்வார்களாம். (2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலையின் நடுவே கட்டிய கல்யாண பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பேனரின் அளவு ஆறு மாதம் குறைந்திருந்தது.) நிறம் எல்லாம் ஜோடிக்கு, கணக்கு எல்லாம் பெரியவர்களுக்கு என்று பாகம் பிரித்திருக்கிறார்கள்.

அவள் கேட்க வந்தது வேறு. "அம்மா, பத்திரிகை எங்க அம்மா பேர்ல வரணும். அதுக்கு நீங்கதான் எழுதிக் குடுக்கணும்."

பெரியப்பா கொடுத்திருந்த மாதிரியை விரித்தேன். வழக்கமான வாசகம்தான். காலஞ்சென்ற இன்னாரின் புதல்வி திருநிறைச்செல்வி இன்னாளை, இன்னாரின் புதல்வன் திருவளர்ச்செல்வன் இன்னாருக்குத் திருமணம் செய்து கொடுப்பதாகப் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு. முதல் தடவையாகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த வாக்கியத்துக்கு எழுவாய் எங்கே என்று தேடினேன். பெண் செயப்படுபொருள், இரண்டாம் வேற்றுமை. பையன் நான்காம் வேற்றுமை, கொடையைப் பெறுபவன். நிச்சயிக்கப்பட்டு என்பது செயப்பாட்டுவினை. பத்தாம் வகுப்பிலிருந்து காதலித்த இரண்டு பேர், பதினெட்டுப் பக்க நோட்டுப் போட்ட இரண்டு பேர், தங்கள் கல்யாணச் செய்தியில் ஒரு வினைக்கும் எழுவாயாக இல்லை. அவளுடைய அம்மாவுக்கு எந்த வேற்றுமையும் இல்லை. பெயரே இல்லை.

இது அச்சகத்தார் கண்டுபிடித்த நடை இல்லை. தொல்காப்பியக் கற்பியலின் முதல் நூற்பா கற்பு என்பதற்குத் தரும் விளக்கத்தில் கொடுக்க உரியவர்கள் இருக்கிறார்கள், கொள்ள உரியவன் இருக்கிறான். கிழத்தி இரண்டு வினைகளுக்கும் பொருளாக நடுவில் இருக்கிறாள். அடுத்த நூற்பா மட்டும் ஒரு கதவைத் திறந்து வைக்கிறது: உடன்போன காலத்தில் கொடுப்பவர் இல்லாமலும் கரணம் உண்டு. ஊரை விட்டு ஓடினால்தான் பெண் கொடுபொருளாக இல்லாமல் இருக்க முடியும் என்பதை நான் வகுப்பில் இலக்கணமாகவே நடத்தியிருக்கிறேன், விமர்சனமாக நடத்தியதில்லை.

அதைவிட வெட்கமான ஒன்றும் உண்டு. அகநானூற்றில் கல்யாணத்தை விரிவாகச் சொல்லும் பாட்டுகள் இரண்டு, 86, 136. இரண்டையும் பெருமையோடு நடத்துவேன். பாருங்கள், புரோகிதர் இல்லை, தீ வலம் இல்லை, தாலி பற்றிப் பேச்சில்லை. பந்தலில் புதுமணல், உழுந்துக் களி, விளக்கு, விடியற்காலை, நல்ல நாள், முன்னின்று நடத்துபவர்கள் பெண்கள் என்று குரல் உயர்த்துவேன். மாணவிகள் அடிக்கோடு போடுவார்கள், தேர்வில் எழுதுவார்கள். 86ஆம் பாட்டில் மணப்பெண்ணை நீராட்டுபவர்கள் நான்கு பெண்கள். எந்த நான்கு பெண்கள்? மகனைப் பெற்றவர்கள். அந்த அடியை எத்தனை தடவை கடந்து போயிருக்கிறேன்! பிள்ளை இல்லாதவள், பெண் குழந்தை மட்டும் பெற்றவள், கணவனை இழந்தவள் எல்லாரும் பந்தலில் எங்கே நின்றார்கள் என்று பாட்டு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர்கள் பெண்ணுக்குச் சொல்லும் வாழ்த்தும் கற்பில் வழுவாமல், கொண்டவன் விரும்புபவளாக இரு என்பதுதான். புரோகிதரை வெளியே அனுப்பிவிட்டால் விலக்கும் வெளியே போய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். விலக்கு மணலுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது.

இன்னொன்று, இரண்டு பாட்டும் கணவன் கூற்று. ஊடல் காலத்தில் பழைய மணநாளை எடுத்துச் சொல்லித் தன் வழக்கை நியாயப்படுத்தும் ஆணின் குரலில்தான் நமக்குப் பழந்தமிழ்க் கல்யாணமே கிடைக்கிறது. பெண் புதுத்துணிக்குள் முகம் புதைத்து ஒடுங்கியிருக்கிறாள். 86இல் அவன் ஒரு கேள்வி கேட்கிறான், மனதில் நினைப்பதை மறைக்காமல் சொல் என்று. அவள் தலை கவிழ்கிறாள். அழகான இடம் என்று உரைகள் எல்லாம் நின்று ரசிக்கும். இன்று எனக்கு அந்தக் கேள்வியே அதிசயமாகப் படுகிறது. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் அதைக் கேட்பதற்கும் ஆள் இல்லை.

பெண் வாய் திறந்து பேசும் கல்யாணம் என்று சட்டத்தில் ஒன்று இருக்கிறது. 1928இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்தி வைத்ததிலிருந்து வளர்ந்த சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் அண்ணா ஆட்சியில் சட்ட ஏற்பு வந்தது. இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு. உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில், தங்களுக்குப் புரியும் மொழியில், இவரை என் துணையாக ஏற்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொன்னால் போதும். மாலையோ மோதிரமோ மாற்றினாலும் போதும். தாலியும் அதில் ஒரு வழி, ஒரே வழி அல்ல. எழுவாய் 'நான்'. அந்த வகை மேடைகளிலும் நான்கு மணி நேரம் ஆண்களே பேசி, கடைசியில் பெண் உறுதிமொழி படிக்க ஒரு நிமிடம் ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த ஒரு நிமிடம் அவளுடையது.

ஆக, எழுதிக் கொடுத்தேன். 'நாங்கள் இருவரும் திருமணம் செய்துகொள்கிறோம். என்னை வளர்த்து ஆளாக்கிய என் தாய்' என்று தொடங்கி அம்மாவின் பெயர். செய்வினை, தன்மைப் பன்மை. என் கவிதைகள் எதையும் இத்தனை தடவை திருத்தியதில்லை.

மறுநாள் மாலை அவளுடைய அம்மா வீட்டுக்கு வந்தார். தென்னங்கீற்று முடைகிற கை, விரல் எல்லாம் கீறல். உட்காரச் சொல்லியும் வாசல்படியிலேயே நின்றார். "டீச்சர், நல்லா எழுதியிருக்கீங்களாம், புள்ள படிச்சுக் காமிச்சா. எம் பேரு மட்டும் வேணாங்க." ஏன் என்று கேட்டேன். "நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா, ஒரு தலவலி காச்சல்னா, தாலியறுத்தவ பேரப் போட்டாங்க, அதான்னு சொல்லுவாக. நாலு பேரு வாயில எம் புள்ள விழ வேணாம். எம் பேரு எங்க போயிறப் போவுது?"

எனக்குப் பதில் வரவில்லை. மூடநம்பிக்கை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஊர் எப்படிப் பழி போடும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர். என் பத்திரிகை அவருக்கு மரியாதை தந்தது, பாதுகாப்புத் தரவில்லை. ஒரு பெண்ணின் பெயரை அவள் சம்மதமில்லாமல் நீக்குவது வன்முறை என்றால், அவள் சம்மதமில்லாமல் சேர்ப்பதை என்னவென்று சொல்வது?

என் கல்யாணம் 2004இல். சங்க இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அப்பா அப்போதே இல்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரை வார்த்தார்கள். பத்திரிகையில் 'காலஞ்சென்ற' என்ற அடையோடு அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இல்லை. இறந்தவருக்கு இடம் இருந்தது, அப்பளத்துக்கு உளுந்து நனைத்து ஒரு மாதம் ராத்தூக்கம் விட்டவருக்கு இல்லை. முகூர்த்த நேரத்தில் அம்மா எங்கே என்று தேடினேன். சாப்பாட்டுக் கூடத்துத் தூணுக்குப் பின்னால் முந்தானை தெரிந்தது. நான் எழுந்து போகவில்லை. 'மகனைப் பெற்ற நால்வர்' பற்றி ஓர் அடிக்குறிப்பு எழுதி முடித்திருந்த நேரம் அது. இப்போது என் மாணவிக்காக நான் காட்டிய வேகத்தில் பாதி அந்தத் தூணுக்குரியது. அதையும் அந்த அம்மாவின் முதுகில் ஏற்றப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் இரண்டு பத்திரிகை அடித்தார்கள். பெரியப்பாவுடையது எண்ணூறு, எங்களுடையது நூறு. நூறிலும் அம்மாவின் பெயர் கீழே, 'அன்புடன் அழைக்கும்' என்ற இடத்தில். அதற்கு மட்டும் அவர் ஒப்புக்கொண்டார். அச்சகத்துக்காரர் செய்வினையைப் பார்த்து, "என்னங்கம்மா, ரிஜிஸ்டர் ஆபீஸ் மாதிரி இருக்கு" என்றார். சொல்லி வைத்தாற்போல 'ச்' மட்டும் இரண்டிலும் இருந்தது.

கல்யாணத்துக்குப் போனேன். மணமகன் அறையில் ஏசி ஓடியது. மணமகள் அறையில் பாக்கு மட்டைத் தட்டுகளும் தண்ணீர் பாட்டில்களும் அடுக்கியிருந்தன, மூலையில் அவள். முகூர்த்தம் முடிந்த பிறகு அவளே இறங்கிப் போய் அம்மாவை மேடைக்குக் கூட்டி வந்தாள். போட்டோகிராபர் ஓரத்தில் நிறுத்தினார். அவள் இழுத்து நடுவில் நிறுத்தினாள். மாப்பிள்ளை தள்ளி நின்று இடம் விட்டான், அவனுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. நான்கைந்து பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தேர்வு எழுதுவாளா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பிறகு ஏப்ரலில் தேர்வுக்கூடத்தில் ஐந்து தாளுக்கு நான்கு தாளில் அவளைப் பார்த்தேன். ஐந்தாவது தாளன்று மாமியார் வீட்டில் மறுவீட்டு விருந்தோ ஏதோ.

வெளியே வரும்போது மொய் எழுதினேன். பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடி வட்டாரத்துக்காரர்களுக்கு மொய் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஆடியில் விருந்து போட்டு மொய் வாங்குகிற மண். எழுதுபவர் என் பெயரைத் தேடப் பழைய பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அந்த அம்மாவின் பெயர் தெரிந்தது. இன்னாரின் மனைவி என்று இல்லை, பழைய நோட்டிலிருந்து கணவன் பெயரை அடித்துவிட்டு அவருடைய பெயரை மட்டும் முழுதாக, இன்ஷியலோடு எழுதியிருந்தார்கள். பக்கத்தில் அவர் இன்னும் யார் யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கணக்கு.