வகுப்பைக் குறைத்துவிட்டுத் தேர்வை உயர்த்துவது

2025 மே 12 அன்று பிரிட்டிஷ் அரசு குடியேற்றம் பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. இந்த நாட்டில் வாழ வருகிறவர்கள் ஆங்கிலம் பேச வேண்டும் என்று பிரதமர் கியர் ஸ்டார்மர் அன்று அழுத்திச் சொன்னார். அந்த உரையில் வந்த ‘அந்நியர்களின் தீவு’ என்ற சொற்றொடருக்காகச் சில வாரங்களில் அவரே வருத்தம் தெரிவித்தார். மொழித் திட்டம் மட்டும் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. 2026 ஜனவரி 8 முதல், திறன்மிகு பணியாளர் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிப்பவர்கள் பி1 என்ற இடைநிலைக்குப் பதிலாக பி2 நிலையில் தேற வேண்டும். அந்த நாட்டு மாணவர்கள் பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் ஓர் அயல்மொழியில் எட்டும் தரம் அது. வேலைக்கு வருபவரோடு வரும் கணவன் அல்லது மனைவிக்கும் ஆங்கில நிபந்தனை விதிக்கவும், நிரந்தரக் குடியிருப்புக்கான அளவை பி2 ஆக்கவும் வெள்ளை அறிக்கை முன்மொழிந்தது.

குடியேறியவர்களிடம் ஆங்கிலத்தை எதிர்பார்க்கலாமா என்ற கேள்வி பிரிட்டனில் எழும்போதெல்லாம் இரண்டு பழகிய பதில்கள் வரும். எதிர்பார்ப்பதே இனவெறி என்பது ஒன்று. கற்காதவர்கள் ஊருக்குத் திரும்பட்டும் என்பது மற்றொன்று. ஆதாரங்களோடு வைத்துப் பார்த்தால் இரண்டுமே நிற்கவில்லை. முதல் பதிலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குடியேறியவர்கள்மீது பரிவுள்ளவர்கள் பேசத் தயங்கும் இடம் அதுதான்.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆங்கிலம் சரியாகப் பேச வராது என்று பதிந்தவர்கள் சுமார் 8,80,000 பேர். அறவே பேசத் தெரியாது என்றவர்கள் 1,61,000 பேர். இரண்டும் சேர்ந்து மக்கள்தொகையில் 1.8 சதவீதம். ஒரு நாட்டின் அடையாளமே கரைந்துபோகிறது என்று அலறுவதற்கு இந்த எண் போதாது. ஆனால் அந்தப் பத்து லட்சம் பேரின் அன்றாடம் எப்படிப் போகிறது என்று கேட்காமல் இருப்பதற்கும் அது காரணமாகாது.

லண்டனில் ஈஸ்ட்ஹாமிலோ வெம்பிளியிலோ ஒரு குடும்ப மருத்துவரின் அறையை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல ஆண்டுகளான ஒரு தாய்க்கு மாதவிடாய் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் பள்ளிச் சீருடையோடு பதினொரு வயது மகன். டாக்டர் கேட்பதை அவன் தமிழாக்க வேண்டும், அம்மா சொல்வதை ஆங்கிலமாக்க வேண்டும். மகனிடம் எதைச் சொல்வது? “வயித்துக்குள்ள நோகுதெண்டு மட்டும் சொல்லு தம்பி” என்கிறாள். அவனும் அதையே சொல்கிறான். வயிற்று வலிக்கு மாத்திரை எழுதப்படுகிறது. பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்பதே அங்குள்ள பொதுச் சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறவும் வழியுண்டு. ஆனால் அதைக் கேட்கவே ஆங்கிலம் வேண்டியிருக்கிறது. லண்டன் தமிழர் குடும்பங்களில் இப்படியொரு காட்சியைக் கேள்விப்படாதவர் அரிது. பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியாததை டாக்டரிடம் நேராகச் சொல்லும் வழி அந்தப் பெண்ணுக்கு வேண்டும். அதை வேண்டுமென்று சொல்வது இனவெறி ஆகாது.

வேலையிலும் இதே கதைதான். தமிழர் கடையில், தமிழ் முதலாளியிடம், தமிழ் பேசும் சக ஊழியர்களோடு பத்து ஆண்டுகள் வேலை பார்க்கலாம். சம்பளம் குறைத்துக் கொடுக்கப்பட்டால் எங்கே போய் முறையிடுவது என்று தெரியாது. வேறு கடைக்கு மாறலாம் என்றால் அதுவும் தமிழர் கடையாகத்தான் இருக்க வேண்டும். பிரிட்டனுக்குக் குடியேறியவர்களைப் பற்றி கிறிஸ்டியன் டஸ்ட்மனும் ஃபிரான்செஸ்கா ஃபாப்ரியும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலத் தேர்ச்சி வேலை கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்றும் அது இல்லாதது வருமானத்தைக் குறைக்கிறது என்றும் காட்டியது. ஆக, ஆங்கிலம் கற்பது குடியேறியவருக்கு நன்மை. அவர் கற்க வேண்டும் என்று சமூகம் எதிர்பார்ப்பதில் தவறில்லை. இது வரைக்கும் அரசின் பக்கம் நான் நிற்கிறேன்.

கற்காதவர்கள் போகட்டும் என்ற இரண்டாவது பதில், ஒரு தேர்வை வாசலில் வைத்துவிட்டால் மொழி வந்துவிடும் என்று நம்புகிறது. வாசலில் வைக்கும் தேர்வு எதுவரை போகும் என்பதற்கு ஆஸ்திரேலியா ஓர் எல்லையைக் காட்டியது. 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே இறங்குபவர் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை, சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். 1934இல் எகோன் கிஷ் என்ற பன்மொழி அறிந்த எழுத்தாளர் வந்து இறங்கியபோது ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் தேர்வு வைத்துத் தோற்கடித்தார்கள். 1958இல்தான் அந்த முறை ஒழிந்தது. இன்றைய பிரிட்டிஷ் தேர்வை அதோடு சமமாக வைப்பது நியாயமில்லை. இப்போதைய தேர்வுக்குப் பாடத்திட்டம் உண்டு, படித்துத் தேறவும் முடியும். ஆனாலும் ஆட்களைத் தடுப்பதற்காக வைக்கும் தேர்வு யாருக்கும் மொழியைக் கற்றுக்கொடுப்பதில்லை என்பது இரண்டுக்கும் பொது.

2010 நவம்பர் 29 முதல், பிரிட்டனில் இருப்பவரை மணந்து அங்கே போக விரும்புபவர் புறப்படுவதற்கு முன்பே ஏ1 என்ற அடிப்படை நிலையில் பேசிக் கேட்டுத் தேற வேண்டும் என்ற விதி வந்தது. இந்த விதியை எதிர்த்த வழக்கில் 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதியைச் செல்லாததாக்கவில்லை. ஆனால் தேர்வு மையம் எட்டாத தொலைவில் இருப்பவர்கள், செலவைத் தாங்க முடியாதவர்கள் விஷயத்தில் விலக்கு அளிக்கும் வழிகாட்டுதல் மிகக் குறுகலாக இருப்பதால், பலருடைய குடும்ப வாழ்வுக்கான உரிமை மீறப்படும் என்று எச்சரித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பைவிட அதன் பின்னால் இருக்கும் எளிய நடைமுறைக் கேள்வி பெரிது. கிளிநொச்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில், ஆங்கிலம் காதில் விழாத இடத்தில், டியூஷனுக்குக் காசு கட்டி மூன்று மாதத்தில் படிப்பதைவிட, லண்டனில் பேருந்திலும் கடையிலும் அந்த மொழி காதில் விழுந்துகொண்டிருக்கும்போது படிப்பது எளிது. எளிதான இடத்தில் கற்க விடாமல் கடினமான இடத்தில் கற்று வரச் சொல்கிறது இந்த விதி.

தேர்வை மட்டும் நம்பினால் வரும் ஆபத்து ஒன்று 2014இல் வெளிப்பட்டது. மாணவர் விசாவுக்கான ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடப்பதை பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி படம் பிடித்துக் காட்டியது. மோசடி நடந்தது உண்மை. அதன்பின் தேர்வை நடத்திய நிறுவனம் 2011 முதல் 2014 வரை பிரிட்டனில் நடந்த 58,000க்கும் மேற்பட்ட தேர்வுகளில் 97 சதவீதத்தைச் சந்தேகத்துக்குரியவை என்றது. பாதிக்கு மேற்பட்ட முடிவுகள் செல்லாதவை, மீதியில் பெரும்பகுதி கேள்விக்குரியவை. ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசா ரத்தானது. அவர்களில் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசப் பிள்ளைகள் ஏராளம். குற்றமற்றவர்களும் இதில் சிக்கி, தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பின்றி நாட்டைவிட்டு அனுப்பப்பட்டிருக்கலாம் என்று 2019இல் தேசியத் தணிக்கை அலுவலகம் எழுதியது. எதிரில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியிருந்தால் ஒருவருக்கு ஆங்கிலம் வருமா வராதா என்று தெரிந்திருக்கும். பலருக்கு அந்தப் பத்து நிமிடம் ஒதுக்கப்படவில்லை.

இனி வகுப்புகளுக்கு வருவோம். அரசின் நிலைப்பாடு இங்கேதான் உடைகிறது. பிற மொழியினருக்கான ஆங்கில வகுப்பை அங்கே ‘ஈசோல்’ என்பார்கள். அதன் கட்டணத்தில் பலருக்கும் தானாகக் கிடைத்த விலக்கு 2007இல் நின்றது. இங்கிலாந்தில் இந்த வகுப்புகளுக்கு அரசு ஒதுக்கிய பணம் 2010இல் 20.3 கோடி பவுண்டு; 2016இல் 9 கோடி. அதே 2016 ஜனவரியில் பிரதமர் டேவிட் கேமரன், ஆங்கிலம் தெரியாத முஸ்லிம் பெண்களைப் பற்றிக் கவலைப்பட்டு 2 கோடி பவுண்டில் புதிய வகுப்புகளை அறிவித்தார். பாதிக்கு மேல் வெட்டியவரே கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார், கூடவே தேறாவிட்டால் விசா நீடிக்காமல் போகலாம் என்ற எச்சரிக்கையையும் கொடுத்தார். அடைக்கலம் கேட்டு வருபவர்கள் அரசுச் செலவில் படிக்க முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வேலை பார்க்கவும் அனுமதியில்லை. நாள் முழுக்க நேரம் இருக்கும்போது வகுப்பில்லை. வேலை கிடைத்த பிறகு நேரமில்லை.

வகுப்பு நடத்தினால் பலன் உண்டா என்பது ஊகமாக விடப்பட்ட கேள்வியும் இல்லை. 2016இல் வடக்கு இங்கிலாந்தில் சிலரை உடனே வகுப்பில் சேர்த்தும் மற்றவர்களைக் காத்திருக்கவைத்தும் அரசே ஒரு சோதனை நடத்தி, 2018இல் முடிவை வெளியிட்டது. பதினொரு வாரமே நடந்த வகுப்பில், சேர்ந்தவர்களின் ஆங்கிலமும் உயர்ந்தது, வேற்றுப் பின்னணிக்காரர்களோடு பழகுவதும் கூடியது. டென்மார்க்கில் 1999இல் அகதிகளுக்கான மொழி வகுப்பை விரிவாக்கியதன் பலன் பல ஆண்டுகள் கழித்தும் அவர்கள் வருமானத்தில் தெரிந்தது என்று பொருளியலாளர்கள் கண்டார்கள்.

பிரிட்டனுக்கே இதைவிடச் சிறந்த அனுபவம் ஒன்று உண்டு. 1974இல் லண்டனின் சவுத்ஹாலை மையமாகக் கொண்டு தொழிலிட மொழிப் பயிற்சி தொடங்கியது. ஆசிரியர்கள் தொழிற்சாலைக்கே போனார்கள். வகுப்பு வேலை நேரத்தில் நடந்தது. அந்தச் சூழலில்தான் மொழியியலாளர் ஜான் கம்பர்ஸ் ஒரு விமான நிலையத்தின் ஊழியர் உணவகத்தைக் கவனித்தார். புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் சிடுமூஞ்சிகள் என்று புகார். தட்டில் இறைச்சி வைத்த பிறகு ‘கிரேவி வேண்டுமா’ என்று கேட்பது அவர்கள் வேலை. வெள்ளைக்காரப் பணிப்பெண் ‘கிரேவி’ என்பதைக் குரலை மேலே ஏற்றிக் கேட்பாள். இவர்கள் அதே சொல்லைக் குரலை இறக்கிச் சொன்னார்கள். தங்கள் தாய்மொழியில் மரியாதையாகக் கேட்கும் தொனி அது. வாங்குபவருக்கோ ‘இது கிரேவி, எடுத்துக்கொள்’ என்று கேட்டது. ஒலிப்பதிவைப் போட்டு இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசிய பிறகு பெண்களுக்கும் புரிந்தது, மேற்பார்வையாளர்களுக்கும் புரிந்தது, உறவும் சீரானது. அந்தப் பெண்களுக்கு ஆங்கிலம் தெரியும். எந்தத் தேர்விலும் அந்தச் சொல்லுக்கு முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். சிக்கல் தீர்ந்தது கேட்பவரும் சேர்ந்து கற்றதால். 1980களின் இறுதியில் இந்தப் பயிற்சித் திட்டத்தை மூடிவிட்டார்கள். பிரிட்டனின் மொழிக் கொள்கையில் நடந்த மிகப் பெரிய இழப்பாக அதையே கருதுகிறேன்.

கட்டாயத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் வலுவான வாதம் ஒன்றுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சில வீடுகளில் மருமகள் வெளியே போய்ப் படிப்பதைக் கணவனோ மாமியாரோ விரும்புவதில்லை. விருப்பமுள்ளவர் படிக்கலாம் என்று விட்டால் அவளுடைய விருப்பம் ஒருநாளும் கேட்கப்படாது. அரசாங்கம் கட்டாயம் என்று சொன்னால்தான் வீட்டில் வாயை அடைக்க முடியும். இது கற்பனை வாதமில்லை. சமூக ஒருங்கிணைப்பு பற்றி லூயிஸ் கேசி 2016 டிசம்பரில் அரசுக்குக் கொடுத்த அறிக்கையும் இத்தகைய பெண்களின் தனிமையைப் பேசியது. ஆனால் கட்டாயம் எதன்மீது விழுகிறது என்று பார்க்க வேண்டும். தேறாவிட்டால் விசா போகும் என்றால் தண்டனை மருமகளுக்கு. கணவனுக்கு அவளை மிரட்ட இன்னொரு ஆயுதம். வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும் என்றால் அவள் வாரத்தில் சில நாளாவது வீட்டைவிட்டு வெளியே வருகிறாள், வேறு பெண்களைப் பார்க்கிறாள். ஜெர்மனி 2005 முதல் இதைச் செய்கிறது: 600 மணி நேரம் மொழி, அதன்மேல் நாட்டைப் பற்றிய அறிமுகப் பாடம், தேவைப்பட்டோருக்குக் கட்டாய வருகை, உதவித்தொகையில் வாழ்வோருக்குக் கட்டணமில்லை. மணத்துணைக்கு நுழைவுத் தேர்வை ஜெர்மனியும் 2007இல் கொண்டுவந்தது; அந்தப் பகுதிக்கு 2010 விதிக்குச் சொன்ன ஆட்சேபமே பொருந்தும்.

ஆகவே என் தீர்ப்பு இது. குடியேறியவர் ஆங்கிலம் கற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரி; வகுப்பில் உட்காரக் கட்டாயப்படுத்துவதும், குழந்தைப் பராமரிப்புக்கும் ஏற்பாடு செய்திருந்தால், சரியே. குறிப்பிட்ட நிலையில் தேறாததற்காகக் குடும்பத்தைப் பிரிப்பதும், வரி கட்டி வாழ்ந்தவருக்கு நிரந்தரக் குடியிருப்பை மறுப்பதும் தவறு. மருத்துவர், செவிலியர், முதியோரைப் பராமரிப்பவர் ஆகியோருக்கு வேலைக்கேற்ற தேர்வு கட்டாயம் வேண்டும். அங்கே இன்னொருவர் உயிர் இருக்கிறது. குடியுரிமைக்கு இப்போதுள்ள பி1 பேச்சுத் தேர்வு இருக்கட்டும். 1981ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வெல்ஷ், ஸ்காட்டிஷ் கேலிக் தெரிந்தாலும் போதும் என்று ஏற்றிருப்பதை நினைவில் வைத்து, 65 வயது நிறைந்தவர்களுக்கான விலக்கும் தொடரட்டும். நிரந்தரக் குடியிருப்புக்கு பி2 என்பதைக் கைவிட வேண்டும். வகுப்புக்கு வந்த மணி நேரமே அதற்கு அளவாக இருக்கலாம். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டால், நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பத்துக்கு ஆளுக்கு வாங்கும் கட்டணம் 2025 ஏப்ரலில் 3,029 பவுண்டாக உயர்ந்தது. அதில் ஒரு பங்கை வகுப்புக்கென்று எடுத்துவைத்து, அதை ஒவ்வொரு ஆண்டும் கணக்கில் காட்டட்டும்.