பாலர் சபையும் நாடகக் கல்வியும்

தவத்திரு சங்கரதாச சுவாமிகளை (1867–1922) நாடகாசிரியர் என்று தமிழுலகம் போற்றுகின்றது. நாடகாசிரியர் என்னும் சொல் இருபொருள் தருவது. நாடகத்தை இயற்றுவோரையும் அது சுட்டும். நாடகத்தைப் பயிற்றுவோரையும் சுட்டும். சுவாமிகள் இருபொருளானும் நாடகாசிரியரே. எனினும், அவரை இயற்றுநராகவே கண்டு, பயிற்றுநராக அவர் ஆற்றிய பணியை வாழ்க்கை வரலாற்றுச் செய்தியாக மட்டும் கூறிச் செல்லுதல் பெருவழக்காயிற்று. சிறுவர்க்குக் கற்பித்தல் என்னும் தேவையே அவர்தம் நாடகங்களின் வடிவைப் பெரிதும் வகுத்தது என்பது எம் கருத்து. அதனை நிறுவுதலும், அம்முறையின் நிறைகுறைகளை இன்றைய சிறுவர் அரங்கக் கொள்கையோடு வைத்து நோக்குதலும் இக்கட்டுரையின் பொருளாகும்.

பாலர் சபைகளைப் பற்றி இருவேறு கருத்துக்கள் நிலவுகின்றன. எஸ். ஜி. கிட்டப்பா, தி. க. சண்முகம், என். எஸ். கிருஷ்ணன், பி. யு. சின்னப்பா, எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் முதலியோரைத் தந்த குருகுலங்கள் அவை என்பர் ஒருசாரார். சிறுவரின் குரலையும் உழைப்பையும் விற்றுப் பிழைத்த தொழிற்கூடங்கள் அவை என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், முன்னது விளைந்த பயனை நோக்கிற்று. பின்னது நேர்ந்த துன்பத்தை நோக்கிற்று. அங்கே கற்பித்த முறை யாது என்னும் வினாவை இரண்டும் எழுப்பவில்லை.

சுவாமிகளின் ஆசிரியப் பணி

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கராயிருந்து, ஏறக்குறைய 24ஆம் அகவையில் நாடகத் துறை புகுந்தார். இரணியன், எமதருமன், சனீசுவரன் முதலிய வேடங்களைப் புனைந்தார். பின்னர் நடிப்பை விடுத்து ஆசிரியரானார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நிறுவினார். பின்னதில் சேர்ந்தபொழுது சண்முகத்திற்கு அகவை ஆறு. 1922இல் புதுவையில் சுவாமிகள் மறையும்வரை இப்பணியே அவர் வாழ்வாயிற்று.

சிலப்பதிகார அரங்கேற்று காதையை ஈண்டு நினைத்தல் தகும். ஐந்தாம் ஆண்டில் பயிற்சி தொடங்கிய மாதவி ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறினாள். அவளுக்குக் கற்பித்தோரின் இலக்கணத்தை இளங்கோவடிகள் தனித்தனியே வகுக்கின்றார். ஆடலாசிரியன் வேறு, இசையாசிரியன் வேறு, பாட்டியற்றும் புலவன் வேறு. பாலர் சபையிலும் மாணவன் ஏறத்தாழ அதே அகவையில் பயிற்சி தொடங்கினான். ஆனால் ஆசிரியருள் பலர் ஒருவராயினர். இயற்றுதல், பாட்டுக்கு வழி கூறுதல், சொல்லிக் கொடுத்தல், நடிக்கக் காட்டுதல் ஆகிய அனைத்தும் சுவாமிகளின்பாற் பட்டன. இயற்றுவோரே பயிற்றுவோரும் ஆனமையால், மாணவன் அளவறிந்து பாடம் அமைக்கும் வாய்ப்பு உண்டாயிற்று. 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்றும், அபிமன்யு வேடம் தமக்கு அளிக்கப்பெற்றது என்றும் சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' (1972) என்னும் நூலிற் கூறுகின்றார். விரைந்து எழுதிய ஆற்றலே இதன்கண் பெரிதும் வியக்கப்படுகின்றது. அரங்கேற இருந்த சிறுவனின் குரலும் நினைவாற்றலும் எழுதுவோருக்கு முன்னரே தெரிந்திருந்தன என்பதே யாம் கருதத்தக்க செய்தி. பிரகலாதன், இலவகுசர் கதைகளை அவர் நாடகமாக்கியதும் இக்கண்கொண்டு காணத்தக்கது.

கூறியது கூறல் குற்றமோ?

சுவாமிகளின் நாடகங்களில் ஒரு பாட்டு முடிந்ததும் அதன் பொருளையே வசனம் மீண்டும் உரைத்தலைப் பலவிடத்தும் காணலாம். கூறியது கூறல் என்னும் குற்றம் இது என்று திறனாய்வாளர் கூறுவர். நூலாக வைத்துப் படிப்போர்க்கு அது குற்றமே. ஒலிபெருக்கி இல்லாக் காலத்துப் பெருங்கூட்டத்திற்குப் பொருள் சென்று சேர அது வேண்டப்பட்டது என்று விடை கூறுவாரும் உளர். அவ்விடை பொருந்துவதே, ஆயினும் போதியதன்று. பள்ளிக்குச் சென்றறியாத சிறுவன் ஒரு விருத்தத்தை மனப்பாடம் செய்கின்றான். அடுத்து வரும் வசனம் அவ்விருத்தத்திற்குப் பொழிப்புரையாகின்றது. உரையைப் பேசப் பேசப் பாட்டின் பொருள் அவனுக்கு விளங்குகின்றது. ஆதலின், மூலமும் உரையுமாக அமைந்த பாடநூல் என்று அந்நாடகத்தைக் கொள்ளுதல் தகும். வெண்பாவும் விருத்தமும் சிந்தும் கண்ணியும் விரவி வருதலின், யாப்பின் வேறுபாட்டை இலக்கணம் கற்குமுன் செவியே கற்றுக்கொண்டது. நாடகத்தின் வழியே தமிழ்க் கல்வி நிகழ்ந்தது.

பாடத்தின் வலிமை

இக்கல்வியின் வலிமைக்குத் தக்க சான்று ஸ்பெஷல் நாடகம். இதில் நிலையான குழு இல்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அமர்த்தப்பட்ட நடிகர்கள் நாடகத்தன்று ஒன்றுகூடி, ஒத்திகை இன்றியே விடியும்வரை நடிப்பர். பாடம் பொதுவாயிருத்தலின் இது இயல்வதாயிற்று. அப்பொதுப் பாடத்திற்கு அடிப்படை பெரும்பாலும் சுவாமிகளின் நாடகங்களே. ஒருவர் தொடுக்கும் தருக்கத்திற்கு மற்றவர் அவ்விடத்தே விடை கூற வேண்டும். எனவே, மனப்பாடம் செய்தல் கற்பனையைக் கொன்றுவிடும் என்னும் கூற்று இவ்வரங்கில் நில்லாது. பாடம் உறுதிப்பட்டோர்க்கே புதிது கூறும் துணிவு பிறக்கின்றது.

இந்நாடகங்களுள் மிகுதியாக ஆடப்பெறுவது 'வள்ளி திருமணம்'. தினைப்புனம் காக்கும் குறமகளின் கதை மலையடிவார ஊர்களுக்குப் புதிதன்று. 1996வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாயிருந்த போடிநாயக்கனூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். விடியுமுன்னரே ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டின் வளைவுகளைக் கடந்து, ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்வோர் அங்குப் பலர். மலைச்சரிவில் பெண்கள் காலமெல்லாம் உழைத்தலைக் கண்டு வளரும் குழந்தைக்கு, பரண்மீது நின்று புனங்காக்கும் வள்ளி அயலாள் அல்லள். அவள் நாரதரோடும் வேடனோடும் வழக்காடி, சொல்லுக்குச் சொல் விடை தருதல் அக்குழந்தைக்கு ஒரு கல்வியே. குறிஞ்சித் திணையின் கருப்பொருளை நூலிற் படிக்குமுன் அது ஊர்த் திருவிழாவில் கேட்டுவிடுகின்றது. இத்தகைய பாடத்தைப் பள்ளிக்கூடம் பயன்கொள்ளாது விடுதல் பெரும் இழப்பாகும்.

முறையின் குறைபாடு

இனி, குறையை மறைத்தல் ஆய்வு நெறியன்று. பாலர் சபையில் நாடகத்திற்காகச் சிறுவன் இருந்தான். சிறுவனுக்காக நாடகம் இல்லை. ஆறு ஏழு அகவையினர் கணவன் மனைவியராகவும் காதலராகவும் நடித்தனர். மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதல். தான் அறியாத உணர்வைச் சிறுவன் வெளிப்படுத்த வேண்டியிருந்தமையால், ஆசிரியர் காட்டிய வடிவையே அவன் திரும்பக் காட்டினான். உள்ளிருந்து புறம் வரவேண்டிய மெய்ப்பாடு, புறத்தே கற்பிக்கப்பட்டு நின்றுவிட்டது.

மகரக்கட்டு என்னும் குரல் மாறும் பருவம் மற்றொரு சான்று. இனிய குரலால் சபைக்குப் பொருளீட்டித் தந்த சிறுவன், குரல் உடைந்ததும் தன் இடத்தை இழந்தான். கல்வியாயின் மாணவன் வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியது. இங்கு வளர்ச்சியே இழப்பாயிற்று. புகழ்பெற்றோர் சிலரின் பெயரை யாம் அறிவோம். குரல் மாறியபின் ஊர் திரும்பியோர் பெயர்களை வரலாறு எழுதி வைக்கவில்லை. பாலர் சபையைக் குருகுலம் என்று புகழ்வோர் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்.

பிற்கால நெறி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாலர் சபைகள் மறைந்தன. அதன்பின் எழுந்த சிறுவர் அரங்கம் எதிர்முனையிலிருந்து தொடங்கிற்று. காந்திகிராமத்தில் ஆசிரியப் பணியாற்றிய சே. இராமானுசம் (1935–2016) புதுதில்லித் தேசிய நாடகப் பள்ளியில் இப்ராகிம் அல்காசியிடம் பயின்று திரும்பினார். 1977இல் காந்திகிராமத்தில் நடைபெற்ற நாடகப் பட்டறையில் பெரும்பங்கு கொண்டார். பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக விளங்கினார். யாழ்ப்பாணத்தில் 'குழந்தை' ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். 'கூடி விளையாடு பாப்பா' முதலிய சிறுவர் நாடகங்களைப் படைத்தார். மட்டக்களப்பைச் சேர்ந்த பேராசிரியர் சி. மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு' கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் குழந்தைகட்கு உரியனவாக்கிற்று. புதுவையில் வேலு சரவணன், பார்வையாளராகிய குழந்தைகளையும் 'கடல் பூதம்' போன்ற நாடகங்களில் பங்குகொள்ளச் செய்தார்.

இவர்கள் நெறியில் விளையாட்டே தொடக்கம். நாடகத்தால் குழந்தை பெறுவது யாது என்பது இங்கு முதல் வினா. மெய்ப்பாடு உள்ளிருந்து எழ இந்நெறி இடந்தருகின்றது. குரல் மாறிய சிறுவனுக்கும் இதில் இடமுண்டு. பாலர் சபையின் பெருங்குறையை இது நீக்கியது என்பதில் ஐயமில்லை. ஈழத்தில் நாடகமும் அரங்கியலும் உயர்தரத் தேர்வுவரை ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுதலின், இந்நெறிக்குப் பள்ளியில் உறுதியான இடமும் கிடைத்தது.

தமிழகத்து நிலை வேறு. பட்டறை பெரும்பாலும் சில நாள்களில் முடிவது. ஆசிரியர் வந்து செல்பவர். விளையாட்டிற் பிறந்த நாடகம் அவ்விளையாட்டோடு முடிந்துவிடின், அடுத்த ஆண்டு மாணவனுக்குக் கையளிக்கப் பாடம் எஞ்சுவதில்லை. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கலைத் திருவிழா வரவேற்கத்தக்கது. எனினும், போட்டிக்கென ஆயத்தமாதல் வேறு. ஆண்டு முழுதும் கற்றல் வேறு.

முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. சுவாமிகளின் நாடகங்கள் பயிற்றுமுறையை உட்கொண்ட பாடங்கள். அவற்றை நூலாக மட்டும் மதிப்பிடுதல் பொருந்தாது. பாலர் சபை பாடத்தை வளர்த்தது, குழந்தையை மறந்தது. புதிய அரங்கம் குழந்தையைக் கண்டது. நிலைத்த பாடத்தை இன்னும் தேடி நிற்கின்றது.

இவ்விரண்டையும் இணைக்கும் கடமை தமிழ்த் துறைகட்கு உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்து நாடகப் பள்ளி சுவாமிகளின் பெயரையே தாங்கி நிற்கின்றது. பெயரைப் போற்றுதலோடு அமையாது, அவர் நாடகங்களினின்றும் குழந்தைகளின் அகவைக்கு ஏற்ற பகுதிகளைத் தெரிந்தெடுத்து, அவற்றை விளையாட்டின் வழிக் கற்பிக்கும் முறையை வகுத்தல் வேண்டும். தமிழாசிரியப் பயிற்சியில் அதற்கு இடம் தருதல் வேண்டும். ஸ்பெஷல் நாடகத்து முதிய கலைஞர்களின் நினைவிலுள்ள பாடங்களையும் தருக்கங்களையும் விரைந்து பதிவு செய்தல் வேண்டும். பாலர் சபைகள் மறைந்தமையால் அந்நினைவிற்கு ஊற்றாயிருந்த பயிற்சிக்கூடம் இன்று இல்லை. ஏட்டில் உள்ள பாட்டைப் பின்வருவோரும் படித்தறியலாம். அதனைச் சொல்லிக் கொடுக்கும் முறையோ, அறிந்த கலைஞர் மறையுந்தோறும் உடன் மறைகின்றது.