தலைப்பிலிருந்து உதிர்ந்த 'வடக்கு'

முதல்ல கத்தியை வாங்கினேன், புத்தகம் அப்புறம்தான். வரிசை தப்பு என்று இப்போது தெரிகிறது.

யூடியூப்பில் புஷ்கிராஃப்ட் வீடியோ பார்க்கிறவர்களுக்கு இந்த வியாதி தெரிந்திருக்கும். பனிக்காடு, ஒரு ஆள், ஒரு சின்னக் கத்தி. கத்தியை விறகின் தலையில் வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் நாலு தட்டு தட்டுவார். விறகு ரெண்டாகப் பிளக்கும். பிளந்த துண்டைச் சுருள் சுருளாகச் சீவி, அந்தச் சுருளிலேயே ஒரு பொறியை விழவைத்து நெருப்பு மூட்டுவார். பார்க்கப் பார்க்க நமக்குக் கை பரபரக்கும். நானும் அதே மாதிரி ஸ்காண்டிநேவிய பாணிக் கத்தி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன்.

அடுத்த விடுமுறைக்கு ராமநாதபுரம் பக்கம் மாமா வீட்டுக்குப் போனபோது, கொல்லையில் கிடந்த காய்ந்த சீமைக்கருவேலக் கட்டையில் வித்தையைக் காட்டினேன். கத்தி பாதி இறங்கி ஒரு முடிச்சில் மாட்டிக்கொண்டது. ஆட்டி இழுத்ததில் வாய் பொக்கை விழுந்துவிட்டது. கையில் ரெண்டு முள் வேறு. மாமா கத்தியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பென்சில் சீவ நல்லா இருக்கும் மாப்ள" என்றார். அப்புறம் அருவாளை எடுத்து மீதி வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த எரிச்சலில்தான் மோர்ஸ் கொச்சான்ஸ்கியின் புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். வீடியோக்காரர்களில் பலர் குருவாகச் சொல்வது அவரைத்தான். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் 1940ல் பிறந்து, ஆல்பர்ட்டாவில் பல ஆண்டுகள் காட்டுத் திறன்களைக் கற்றுக்கொடுத்து, 2019ல் மறைந்தவர். 1980களின் பிற்பகுதியில் வெளிவந்தபோது புத்தகத்தின் பெயர் 'நார்தர்ன் புஷ்கிராஃப்ட்'. பிறகு வந்த பதிப்புகளில் வெறும் 'புஷ்கிராஃப்ட்' ஆகிவிட்டது. கூடவே வெளிப்புறத் திறன்கள், வனத்தில் உயிர்பிழைத்தல் என்று அகலமான ஒரு துணைத்தலைப்பும் சேர்ந்தது. 'வடக்கு' உதிர்ந்துவிட்டது. அட்டையில் ஒரு சொல் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். என் கத்தி வாயில் விழுந்த பொக்கைக்கு அந்தச் சொல்தான் காரணம் என்பது என் கட்சி.

புத்தகத்தின் அடுக்கைக் கவனியுங்கள். முதலில் நெருப்பு. அடுத்தது கோடரி. மூன்றாவதாகத்தான் கத்தி வருகிறது. அதற்குப் பிறகு ரம்பம், கட்டுகள், இருப்பிடம். கருவிகள் முடிந்ததும் திடீரென்று மரங்கள் வருகின்றன: பிர்ச், வில்லோ, ஊசியிலை மரங்கள். கடைசியில் மூஸ் என்கிற பெரிய மானும் காட்டு முயலும். முதல் தடவை படித்தபோது இந்தப் பின்பாதி எனக்கு ஒட்டுச்சேர்க்கை மாதிரி தெரிந்தது, வேகமாகப் புரட்டிவிட்டேன். ரெண்டாம் தடவைதான் புரிந்தது, முன்பாதிக்கு அஸ்திவாரமே அங்கேதான் இருக்கிறது.

கத்தி அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். கொச்சான்ஸ்கி கேட்கிற கத்தி ரொம்ப எளிமையானது. ப்ளேடு உள்ளங்கை அகலத்துக்கு இருந்தால் போதும். முதுகு தட்டையாக இருக்கணும், அங்கே இன்னொரு கூர் கூடாது, ஏனென்றால் அங்கேதான் கட்டையால் தட்டப்போகிறோம். கைப்பிடிக்கும் ப்ளேடுக்கும் நடுவில் தடுப்பு வேண்டாம், அது சீவும் கையை வாயிலிருந்து தள்ளிவைத்துவிடும். உறை ஆழமாக இருக்கணும், ஓடினாலும் விழுந்தாலும் கத்தி நழுவாதபடிக்கு. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறார். ராணுவ பாணியில் பல்லும் பள்ளமும் வைத்த 'ராம்போ' கத்திகள் சக்கைப்போடு போட்ட காலத்தில் இப்படி எழுதியது பெரிய விஷயம்தான்.

ஆனால் அவர் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று உண்டு. அந்தக் கத்தி ஸ்ப்ரூஸ் மரத்துக்காகச் செய்தது. நேரான நார், மென்மையான மரம், உயிரோடு நிற்கும்போதே அடிக்கிளைகள் குச்சி குச்சியாகக் காய்ந்து தொங்கும். அதன்மேல் ஒரே சரிவாகத் தீட்டிய, சுமார் 25 டிகிரி வாய் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். பக்கத்திலேயே பிர்ச் மரம் நிற்கிறது. அதன் பட்டையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் நனைந்திருந்தாலும் எரியும். இந்த ரெண்டு மரமும் கூட நின்றால் உள்ளங்கை அகலக் கத்தி ராஜா. கட்டை பெரிதாகிவிட்டால் கோடரி இருக்கிறது, அது முந்தின அத்தியாயம்.

சீமைக்கருவேலத்தில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. நார் முறுக்கிக்கொண்டு போகும், மரம் இரும்பு, கிளையெல்லாம் முள். உள்ளங்கை அகலக் கத்தியோடு அதை நெருங்கினால் மரத்துக்கு முன்னால் கைதான் வெட்டுப்படும். எங்க ஊர்ப்பக்கம் கரிமூட்டத்துக்கு விறகு வெட்டுகிறவர்கள் ஒரு கையில் கவைக்கம்பு வைத்து முள்ளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அருவாளை வீசுவார்கள். வளைந்த மூக்கு கிளையை நழுவவிடாது. முன்பக்கக் கனம் வெட்டைத் தானே இழுத்துக்கொண்டு போகும். கையும் முள்ளும் ஒரு முழம் தள்ளியே நிற்கும். கொச்சான்ஸ்கியின் கத்தியில் எவ்வளவு யோசனை இருக்கிறதோ அவ்வளவு யோசனை இந்த அருவாளிலும் இருக்கிறது. எழுதி வைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கத்தி பொக்கையானால் தீட்டிக்கொள்ளலாம். நெருப்பு அப்படியில்லை. புத்தகம் நெருப்பில் தொடங்குவதற்குக் காரணம் குளிர். மைனஸ் 40 வரை இறங்கும் இரவில், முன்பக்கம் திறந்த குடிலில் ஓர் எட்டு தூரத்தில் ஆள் நீளத்துக்குக் கட்டைகளை அடுக்கி எரித்தால்தான் காலையில் எழுந்திருக்க முடியும். அங்கே நெருப்புத்தான் உயிர். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு மார்ச் மாதம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் போய் அதைச் செய்து பார்க்க நினைப்பவர்களை எண்ணினால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காய்ந்த புல்வெளிச் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. அங்கே முதல் பாடம் நெருப்பு மூட்டுவது அல்ல, மூட்டாமல் இருப்பது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் கத்தியும் அடக்கம். எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. இதைச் சொல்லுகிற தமிழ் வீடியோ ஒன்றைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

இதற்கெல்லாம் கொச்சான்ஸ்கியைக் குறை சொல்லலாமா? பாதி சொல்லலாம். 'இப்படிச் செய்' என்று கட்டளையாகவே எழுதுகிறார், 'இந்த மரம் இருந்தால், இந்தக் குளிர் இருந்தால்' என்கிற நிபந்தனை பல இடங்களில் காணோம். வடக்கத்தி வாசகனுக்கு அது தேவைப்படவில்லை, ஜன்னலைத் திறந்தாலே தெரிந்துவிடும். படுக்கைக்கு ஊசியிலைக் கிளைகளைக் குவிக்கச் சொல்வதும் மனிதர் குறைந்த, மரம் கணக்கற்ற காட்டில் மட்டும் நடக்கிற காரியம். திசை கண்டுபிடிப்பதற்கென்று ஓர் அத்தியாயம் கிடையாது, தொலைந்தவனுக்குக் கத்தியைவிட அதுதான் முதலில் வேண்டியது. மீதிப் பழி அட்டையை அகலப்படுத்தியவர்கள் மேலும், கத்தி அத்தியாயத்தை மட்டும் கிழித்தெடுத்துக்கொண்டு போன நம்மைப் போன்றவர்கள் மேலும்.

எல்லா ஊருக்கும் செல்லுபடியாகிற பக்கங்களும் உண்டு. எனக்குப் பிடித்தது இளங்கன்றை வெட்டும் முறை. நிற்கிற கன்றை அப்படியே சீவினால் வெகுநேரம் பிடிக்கும். அதை ஒரு கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, வளைவின் வெளிப்புறத்தில், நார் விறைத்து இழுபட்டு நிற்கும் இடத்தில் கத்தியைச் சாய்வாக அழுத்தினால் போதும். நார் தானே அறுந்து வழிவிடும். மாமா வீட்டுக் கொல்லையில் வேப்பங்கன்று ஒன்றில் செய்து பார்த்தேன். கட்டைவிரல் தடிமன் இருக்கும், மூன்று அழுத்தில் விழுந்துவிட்டது, அதுவும் பொக்கைக் கத்தியால். இங்கே கொச்சான்ஸ்கி தன் ஊர் மரத்தைப் பற்றிப் பேசவில்லை. மரம் என்றால் என்ன என்று பேசுகிறார்.

வாங்குகிறவர்கள் பின்னாலிருந்து படியுங்கள். பிர்ச்சையும் வில்லோவையும் முதலில் முடித்துவிட்டு அப்புறம் கத்திக்கு வாருங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, அவர் ஒரு மரத்தின் பெயரைச் சொல்லும் இடத்திலெல்லாம் உங்கள் ஊரில் அதே வேலையைச் செய்கிற மரம் எது என்று எழுதிப் பாருங்கள். என் நோட்டில் பிர்ச் பட்டைக்கு எதிரே பன்னாடையும் காய்ந்த பனையோலையும் இருக்கிறது. ஸ்ப்ரூஸுக்கு எதிரே இன்னும் கோடுதான் போட்டு வைத்திருக்கிறேன்.