சைக்கிளின் வேகம்

ஐப்பசி மேகங்களில் சிவகிரி மலையின் முகடுகள் மறைவதையும் தெளிவதையும் முற்றத்திலிருந்து பார்த்தபடி, நூலகத்தில் இரவல் வாங்கிய பழைய ‘மஞ்சரி’ இதழ்களில், மலைவாசிகளைப் பற்றி எழுதிய பிலோ இருதயநாத்தைத் தேடித் தேடிப் படித்த அந்தப் பருவம் இன்றும் என் நெஞ்சில் பசுமையாயிருக்கிறது.

மானிடவியல் என்றதும், 1909இல் ஏழு பாகங்களாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய மகாகிரந்தத்தையே முதலில் எடுத்துவைக்கும் நண்பர்கள் எனக்குண்டு. ரங்காச்சாரியின் துணையோடு அவர் திரட்டிய விஷயங்களின் விஸ்தாரத்தை நானும் வணங்குகிறேன். எனினும், மூக்கையும் மண்டையையும் கருவிகொண்டு அளந்து குறித்த அந்த சாஸ்திரத்தில் என் மனம் ஒட்டவில்லை.

இருதயநாத்தின் சைக்கிளைப் பற்றியோ எத்தனை பேசினாலும் எனக்கு அலுப்பதில்லை. சென்னையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, விடுமுறை வந்ததும் சைக்கிளில் காடேகியவர் அவர். மோட்டாரைக் கண்டால் ஒதுங்கிப்போகும் மலைவாசி, வியர்வை சொட்டச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறிவரும் மனிதனுக்கு வழி சொல்லாமல் போவதில்லை. வழி சொல்ல நின்றவன் நாலு வார்த்தை பேசாமலும் போவதில்லை. ‘காட்டில் என் பிரயாணம்’ முதலான நூல்களின் நடைக்குச் சைக்கிளின் அந்த வேகமே ஆதாரம் என்பது என் துணிபு. மரமும் மிருகமும் அங்கே வெறும் வர்ணனையாக நில்லாமல், அவற்றோடு வாழ்பவனின் பேச்சோடு பேச்சாக வந்துசேர்கின்றன.

அவரைப் படித்த பின்புதான், எங்கள் வீட்டுக்குத் தேன் கொண்டுவந்த பளிய மலைவாசிப் பெரியவரிடம், விலையை மட்டுமே விசாரித்துவந்த பாட்டியின் பின்னாலிருந்து, “இது எந்தத் தேன் தாத்தா?” என்று கேட்க எனக்கு வாய் வந்தது. மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன் என்று அவர் விரல் மடக்கி எண்ணினார். கொசுத்தேன் இத்தனை சொற்பமாகக் கிடைப்பதேன் என்றதற்குச் சுண்டுவிரல் நுனியைக் காட்டி, “ஈயே இம்புட்டுத்தான் தம்பி” என்றார்.

இப்போது மலைவாசிகளைப் பற்றி எழுதுவோர் பலர் காலையில் காரில் வந்து அந்திக்குள் இறங்கிவிடுகிறார்கள். படங்கள் நேர்த்தியாயிருக்கின்றன, படத்திலிருப்பவர் அன்று எந்தக் கிழங்கைத் தோண்டினார் என்ற ஒரு வரியைக் காணோம். சண்டை என்றால் விலகிப்போய்விடும் பளியரின் ஸ்வபாவத்தை, 1960களில் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்கர் வந்து தங்கி ஆராய்ந்து எழுதினார். வாசுதேவநல்லூருக்கு மேற்கே தலையணையில் அவர்கள் குடியிருக்க, அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவரும் அதை எழுதவில்லை. தேன் கொடுத்த அந்தப் பெரியவரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.