எந்த ஊர்? என்ன சாதி?

1968 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் மெட்ராஸ் மாநிலத்தின் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை விதிகளில் ஒன்றை வெட்டியது, இன்னொன்றை விட்டுவைத்தது. வெட்டுப்பட்டது, இடங்களை மாவட்டங்களின் மக்கள்தொகைக்கேற்பப் பங்கிடும் விதி. தப்பியது, பின்தங்கிய சாதிகளின் பட்டியல். ராஜேந்திரன் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். மாவட்டவாரியாகப் பிரிக்காவிட்டால் மெட்ராஸ் நகரத்துப் பிள்ளைகள் தங்கள் எண்ணிக்கைக்கு மிஞ்சிய இடங்களைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அரசு வாதாடிப் பார்த்தது. ஒரு மாவட்டத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தவர் வெளியே நிற்க, வேறொரு மாவட்டத்தில் அவரைவிடக் குறைவாக எடுத்தவர் உள்ளே போவது சமத்துவம் ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆறே ஆண்டுகளில், 1974இல், அதே மாவட்டக் கணக்கைக் கொழும்பு அரசு பல்கலைக்கழகச் சேர்க்கையில் புகுத்தியது. விகிதங்கள் மாறினாலும் முறை இன்றும் நிற்கிறது. பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கம் செல்லாது என்று தள்ளப்பட்டது அந்தப் பக்கம் நடைமுறை. இந்தப் பக்கம் விண்ணப்பத்திலேயே கேட்கப்படும் சாதியை அந்தப் பக்கத்துப் படிவம் கேட்பதே இல்லை.

சென்னையில் இட ஒதுக்கீட்டுக்காகக் கொடி பிடிக்கும் அதே இயக்கங்கள், யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசும்போது இலங்கையின் சேர்க்கை முறையான தரப்படுத்தலை அநீதி என்கின்றன. இதில் முரண் இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் ஏன் இல்லை என்று நின்று விளக்குகிறவர்கள் குறைவு. விளக்கப் புகுந்தால் இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் சங்கடம் வரும் என்பதும் காரணமாக இருக்கலாம்.

முதலில், இலங்கையில் நடந்தது ஒன்றல்ல, இரண்டு. 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையில் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அந்த ஆண்டுச் சேர்க்கையில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 புள்ளி பெற வேண்டியிருந்தது. சிங்களமொழி மூல மாணவருக்கு 227 போதும். ஒரே பரீட்சை, ஒரே பாடம், மொழி மட்டும் வேறு. தமிழ்ப் பரீட்சகர்கள் அள்ளிப் போட்டார்கள் என்றொரு குற்றச்சாட்டு அப்போது கிளம்பியது. அது நிரூபிக்கப்படவே இல்லை. இதற்குப் பிறகு வந்ததுதான், ஒவ்வொரு மொழியிலும் எழுதியவர்களின் புள்ளிகளைத் தனித்தனியே சமன்செய்யும் தரப்படுத்தல். அரசு தன் கையில், பெரும்பான்மை தன் பக்கம், சலுகையும் அந்தப் பெரும்பான்மையின் மொழிக்கே என்றால் அதைச் சமூக நீதி என்று எந்த அகராதியைப் புரட்டியும் சொல்ல முடியாது. தமிழ் மாணவர் பேரவை அதே 1970இல் பிறந்ததில் வியப்பில்லை.

1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு வகை. அதன் முதல் அடியும் யாழ்ப்பாணத்தின் மேல்தான் விழுந்தது. நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடே கொண்ட வட மாகாணம், 1969இல் அறிவியல் சார்ந்த படிப்புகளுக்கு 27.5 விழுக்காடு மாணவர்களை அனுப்பியது. 1974இல் அது 7 ஆகச் சுருங்கியது. ஆனால் கொழும்பு உள்ளிட்ட மேல் மாகாணமும் பலமாக அடி வாங்கியது. பலன் கண்டவர்கள் கண்டிப் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்கள், கிழக்கின் முஸ்லிம்கள், அதோடு வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருந்த தமிழர்கள். கடைசியாகச் சொன்ன இவர்களை யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்ட தரப்படுத்தல் வரலாறுகள் பெரும்பாலும் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. மொழிவழி வெட்டின் காயமும் மாவட்ட ஒதுக்கீட்டின் இழப்பும் நான்கு ஆண்டுகளுக்குள் ஒரே ஊரில் விழுந்ததால், இரண்டும் ஒரே அநீதியாக மனத்தில் பதிந்துவிட்டன.

1977க்குப் பிறகு மொழிவழிச் சமன்செய்தல் கைவிடப்பட்டது. மாவட்டம் தங்கிவிட்டது. இன்று 40 விழுக்காடு இடங்கள் நாடு தழுவிய தகுதிக்கு, 55 விழுக்காடு மாவட்ட மக்கள்தொகைக்கு, 5 விழுக்காடு கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. உயர்தரப் பரீட்சையின் மூன்று பாடங்களிலும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்று பார்க்கும் இசட் புள்ளி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கோ பேராதனைக்கோ உரிய வெட்டுப்புள்ளி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனியாக வெளியாகிறது. பின்தங்கிய அந்தப் பதினாறில் யாழ்ப்பாணமும் ஒன்று! அன்று மிஞ்சிப் போனது என்று இறக்கப்பட்ட மாவட்டம், போருக்கும் இடப்பெயர்வுக்கும் பிறகு கை கொடுக்க வேண்டிய மாவட்டமாகியிருக்கிறது.

இந்தியாவில் கதை நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய கதை. மெட்ராஸ் மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை ஒவ்வொரு 14 இடத்தையும் பங்கிட்டது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்துப் போன செண்பகம் துரைராஜன் பெயர்தான் வரலாற்றில் நிற்கிறது. அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. கூடவே வழக்குப் போட்ட சி. ஆர். சீனிவாசன், பொறியியல் இடம் கேட்டவர். 1951இல் அரசாணை செத்தது. மெட்ராஸ் கொந்தளித்தது, அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது.

ஐ.ஐ.டி.களுக்கு ஒதுக்கீடு நுழைய 1973 வரை ஆனது. பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5. மதிப்பெண் எட்டாதவர்களுக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பும் உண்டு. இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காட்டை உச்ச நீதிமன்றம் 2008 ஏப்ரலில் ஏற்றது. அப்போது அரசு செய்த ஒரு காரியத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். பொதுப் பிரிவின் இடங்கள் எண்ணிக்கையில் குறையாதபடி, மொத்த இடங்களை 54 விழுக்காடு வரை பெருக்கிக்கொண்டு ஒதுக்கீட்டைப் படிப்படியாகக் கொண்டுவந்தது. 2018இல் மாணவியருக்குக் கூடுதல் இடங்கள் வந்தபோதும் இதே வழிதான்.

இலங்கையில் 1970களில் யாரும் இப்படி இடத்தைப் பெருக்கிக்கொண்டு பங்கிடவில்லை. இருந்த கொஞ்ச இடத்தையே இவனிடமிருந்து எடுத்து அவனுக்குக் கொடுத்தார்கள். 1972இல் வந்த புதிய அரசியலமைப்போ, சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த பழைய 29ஆம் பிரிவைக் கைவிட்டு, நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாதென்று சொல்லும் வழியையும் அடைத்தது.

இந்தியாவில் ரத்தம் சிந்தவில்லை என்று சொல்ல வரவில்லை. 1990இல், பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு கோரிய மண்டல் குழுவின் பரிந்துரைகளுக்கு எதிராக டெல்லியில் மாணவர்கள் தீக்குளித்தார்கள். ஆனாலும் அங்கே இழந்தவர்கள் எல்லா மொழியிலும் எல்லா மாநிலத்திலும் சிதறியிருந்தார்கள். தனியார் கல்லூரியும் அமெரிக்காவும் அவர்களுக்குத் திறந்திருந்தன. யாழ்ப்பாணத்தில் இழந்தவர்கள் ஒரு மொழி, ஒரு நிலப்பரப்பு. வசதியுள்ளவர்கள் பிள்ளையை லண்டனுக்கோ இந்தியாவுக்கோ அனுப்பினார்கள். மற்றப் பிள்ளைகள் ஊரிலேயே நின்றார்கள். பிறகு நடந்ததை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

சங்கடமான பகுதி இனித்தான். மாவட்டம் என்ற கண்ணாடிக்குச் சாதி தெரியாது. 1943இலேயே சிறுபான்மைத் தமிழர் மகாசபை என்ற பெயரில் யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட சாதியினர் திரண்டார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சமமாக உட்காரவைக்கவே அவர்கள் போராட வேண்டியிருந்தது. மாவட்ட ஒதுக்கீடு அவர்களையும், நகரத்துப் பெரிய கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் படித்த வெள்ளாளக் குடும்பங்களையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. நுவரெலியாவில் தோட்டத் தொழிலாளியின் மகளும் நகரத்துக் கடைக்காரர் மகனும் ஒரே மாவட்டக் கணக்கில் போட்டியிடுகிறார்கள். கொழும்பில் தோட்டம் என்றே அழைக்கப்படும் நெரிசலான ஏழைக் குடியிருப்பில் வளரும் பிள்ளை, றோயல் கல்லூரி மாணவரோடு அதே உயர்ந்த வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். மூன்று ஆண்டு அந்த மாவட்டப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற விதியும், முன்கூட்டியே திட்டமிட்டுப் பிள்ளையை இடம் மாற்றக்கூடிய வசதியான வீட்டைப் பெரிதாகத் தடுத்துவிடாது.

இந்தியக் கண்ணாடிக்கு ஊர் தெரியாது. தருமபுரியின் மலைக்கிராமத்துப் பிள்ளையும் அண்ணா நகர்ப் பிள்ளையும் ஒரே பிரிவானால் ஒரே தரவரிசைதான். பிற்படுத்தப்பட்டோரில் மேலடுக்கை விலக்க ஆண்டு வருமானம் 8 லட்சம் என்று ஒரு கோடு இருக்கிறது. ராஜஸ்தானின் கோட்டா நகரில் இரண்டு ஆண்டு நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் பணம் கட்டக்கூடிய வீட்டுக்கும் கட்ட முடியாத வீட்டுக்கும் உள்ள தூரத்தை அந்தக் கோடு அளக்காது. ஊரகப் பள்ளி மாணவர்களுக்கென்று தமிழ்நாடு தொழிற்கல்வியில் இடம் ஒதுக்கிப் பார்த்தது; உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ராஜேந்திரன் வழக்கின் நிழல் நீண்டது.

அந்த நிழலிலிருந்து வெளியே வர ஒரு வழி கிடைத்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு, 2020இல் மருத்துவத்தில், 2021இல் பொறியியலில். எந்தச் சாதி என்பதோடு எந்தப் பள்ளி என்றும் தமிழ்நாடு கேட்கத் தொடங்கியிருக்கிறது. மாநிலத்தின் மொத்தச் சாதி ஒதுக்கீடான 69 விழுக்காட்டுக்குப் பங்கம் வராமல் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் இது இயங்குவதால் சாதிக் கணக்கும் குலையவில்லை.

இலங்கை எதிர்த்திசையிலிருந்து அதே இடத்துக்கு வரலாம். சாதியைப் படிவத்தில் கேட்கச் சொன்னால் அங்கே யாரும் ஒப்பமாட்டார்கள்; யாழ்ப்பாணத்தில் முதலில் எதிர்ப்பவர்கள் யார் என்று ஊகிப்பதும் கடினமில்லை. பள்ளியைக் கேட்கலாம். மாவட்டத்துக்குரிய 55 விழுக்காட்டுக்குள்ளேயே, உயர்தர கணிதப் பிரிவு பெயரளவில் மட்டும் நடக்கும் பள்ளிகளுக்கும் தோட்டப் பள்ளிகளுக்கும் ஓர் உள்ஒதுக்கீடு வைக்கலாம். அதற்கு முன்படியாக, வெட்டுப்புள்ளிகளை அறிவிக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அந்தந்த மாவட்டத்தின் பொறியியல் இடங்கள் எந்தெந்தப் பள்ளிகளுக்குப் போயின என்ற பட்டியலையும் அதோடு சேர்த்து ஆண்டுதோறும் அச்சிட்டுத் தரட்டும்.