பேய்க்கு யார் புடவை?

அக்டோபர் 31 நெருங்கினால் வீட்டிலேயே பேய் பார்ட்டி வைக்கிற பழக்கம் நம் பக்கமும் எட்டிப் பார்க்கிறது. ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் எலும்புக்கூடு, ஒட்டடை மாதிரி ஒரு வலை, பூசணி முகம் போட்ட வாளி. சாப்பிட, தக்காளி சாஸ் ஊற்றிய இடியாப்பம். அதுதான் 'மூளை'! கண்ணைக் கட்டிவிட்டுத் தொடச் சொல்ல, தோலுரித்த திராட்சை. அது 'கண்ணு முழி'. நுங்கு சீசனாக இருந்தால் இன்னும் அசலாக இருக்கும்.

'வெள்ளைக்காரன் சமாச்சாரம் நமக்கெதுக்கு?' என்று சண்டைக்கு வருகிறவர்கள் கட்சியில் நான் இல்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள். அமெரிக்கா போனதும் பூசணி கைக்குக் கிடைத்தது. ஊருக்கு ஊர் மாறுவது பண்டிகையின் குணம். குழந்தைகளுக்குப் பயம் பிடிக்கும். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிற பயம் என்றால் ரொம்பவே பிடிக்கும்.

என் புகார் வேறு. இந்தப் பார்ட்டிகளில் எல்லாம் இருக்கிறது, கதையைத் தவிர. கதை இல்லாவிட்டால் பேய்க்கு மிஞ்சுவது உடை மட்டும்தான்.

அந்த உடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெள்ளைப் புடவை, விரித்துப் போட்ட தலை. நம் சினிமா பல வருஷமாகப் பேய்க்குத் தைத்துக் கொடுத்த யூனிஃபார்ம். மகளுக்கு அதை மாட்டிவிட்டு போட்டோ எடுக்கிறோம். சரி, நிஜத்தில் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டிருந்தது யார்? புருஷனைப் பறிகொடுத்தவர்கள். பூவையும் பொட்டையும் பறித்து, 'நல்ல காரியத்துல முன்னால வராத' என்று மூலையில் உட்கார வைத்தோம். அதே கோலத்தைத் தூக்கிப் பேய்க்கும் கொடுத்துவிட்டோம். பார்ட்டி முடிந்த மறுநாள், எதிர்வீட்டு அப்பத்தா வெள்ளைப் புடவையில் வாசலில் நின்றால், அந்தப் பிள்ளைக்கு என்ன தோன்றும்?

பேய்க்கதையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'பயமா இருக்கா?' என்பது இல்லை. 'பேய் யாரு?' என்பது. 2011-ல் வந்த 'காஞ்சனா'வில் கூச்சலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் அந்தப் படம் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது. கொல்லப்பட்ட ஒரு திருநங்கை நியாயம் கேட்டு வருகிறாள். அவள் கதை தெரிந்த பிறகு நாம் பேயின் கட்சிக்கு மாறிவிடுகிறோம்.

இதை அம்புலிமாமா இன்னும் அழகாகச் செய்தது. 1947-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகையில், தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமாதித்தன் நடக்கிற சங்கரின் ஓவியத்தை மறந்தவர் உண்டா? சுடுகாடு, நடுராத்திரி, பிணம்... பிளாஸ்டிக் எலும்புக்கூடு எந்த மூலைக்கு? ஆனால் அந்த வேதாளம் 'ஆ'வென்று அலறுவதில்லை. கதை சொல்கிறது, கடைசியில் கேள்வி கேட்கிறது. பயந்துகொண்டே படிக்கிற பிள்ளை பதிலை யோசித்தாக வேண்டும். மூலக்கதையின் முடிவில் ராஜாவைப் பலி கொடுக்கக் காத்திருப்பவன் துறவி. எச்சரித்துக் காப்பாற்றுவது வேதாளம்! வேஷத்தைப் பார்த்து ஆளை எடை போடாதே என்று குழந்தைக்கு இதைவிட நன்றாக யார் சொல்லிவிட முடியும்?

நாகமலை புதுக்கோட்டையில் இருப்பவர்களுக்குக் கடையில் எதுவுமே வாங்க வேண்டியதில்லை. மொட்டைமாடிக்கு ஏறினால் போதும். எதிரே நீளமாகப் படுத்திருக்கிறது மலை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'நாகமெய்த படலம்' என்று ஒன்று உண்டு. மதுரையை அழிக்கச் சமணர்கள் வேள்வி செய்து ராட்சசப் பாம்பை ஏவுகிறார்கள். அனந்தகுண பாண்டியன் அம்பு விட்டு வீழ்த்துகிறான். அது கக்கிய விஷத்தைச் சிவன் அமுதத்துளி சிந்தி முறிக்கிறார். அந்தப் பாம்புதான் நாகமலை என்பார்கள். கரண்ட் போன ராத்திரியில் மலையைக் காட்டி இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் மடியை விட்டு நகராது.

கற்பனை அபாரம். ஆனால் இங்கேயும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். பாம்பை ஏவியது யார்? சமணர்கள். கதையைச் சொன்னது? அவர்களோடு மோதி ஜெயித்த தரப்பு. வெள்ளைப் புடவை மாதிரிதான் இதுவும். நமக்கு ஆகாதவர்கள் தலையில் பயத்தைக் கட்டிவிடுகிற வேலை.

அந்தத் தரப்பையும் கேட்க ரொம்ப தூரம் போக வேண்டாம். பக்கத்திலேயே கீழக்குயில்குடியில் சமணர் மலை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம். படியேறினால் பேச்சிப்பள்ளம். பேரே பயமுறுத்துகிறது இல்லையா? அங்கே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், ஆயிரம் வருஷத்துக்கு மேலான சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. அவர்களில் பார்சுவநாதரின் தலைக்கு மேல் ஒரு பாம்பு படமெடுத்து நிற்கிறது. கடிக்க இல்லை, அவருக்குக் குடை பிடிக்க.

ஒரு கதையில் ஊரை விழுங்க வந்த பாம்பு, இன்னொரு கதையில் காவல் நிற்கிறது. இதைக் கண்ணால் பார்த்த குழந்தை அடுத்த பேய்க்கதையில், 'ஏம்மா, அந்தப் பேய் யாரு? அதுக்கு என்ன ஆச்சு?' என்று கேட்கும். கேட்டால் பார்ட்டி வெற்றி.

ஆகவே பார்ட்டியைத் தாராளமாக வையுங்கள். வெள்ளைப் புடவையை மட்டும் பீரோவிலேயே விட்டுவிடுங்கள். ராத்திரி மாடியில் பாம்புக் கதை, விடிந்ததும் பேச்சிப்பள்ளம். 'மூளை' மிச்சமிருந்தால் டப்பாவில் கட்டிக்கொண்டு போங்கள். மலையேறினால் பிள்ளைகளுக்குப் பசிக்கும்.