தலையில் அடி: ஒரு மருத்துவ விதியின் நிறையும் குறையும்

குழந்தை விழாத வீடு எங்கேனும் உண்டா? கட்டிலிலிருந்து உருண்டோ, நிலைப்படியில் தடுக்கியோ விழுகிறது. சற்று நேரத்தில் நெற்றி எலுமிச்சம்பழம் போல் புடைத்துவிடுகிறது. மருத்துவமனைக்கு ஓடுவதா, வீட்டிலேயே பார்த்துக்கொள்வதா? பாட்டி ஒன்று சொல்வார். பக்கத்து வீட்டார் வேறொன்று சொல்வார். தலையில் அடிபட்ட குழந்தைகளை எப்படித் தரம் பிரிப்பது என்று அறிவியல் முறையில் ஆராய்ந்து அமைத்த விதிகளுள் புகழ்பெற்றது அமெரிக்காவில் உருவான ‘பெக்கார்ன்’ விதி. அதை இங்கு எடைபோட்டுப் பார்ப்போம்.

2009-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் நேதன் குப்பர்மன் முதலானோர் வெளியிட்ட ஆய்வு இது. அடிபட்டு 24 மணி நேரத்துக்குள் 25 மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த 42,412 பேரை ஆராய்ந்தார்கள். எல்லாரும் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். நினைவு தெளிவாகவோ, ஏறக்குறையத் தெளிவாகவோ இருந்தவர்கள். இவர்களுள் 376 பேருக்கே, அதாவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே, மூளையில் கவலைக்குரிய காயம் இருந்தது. அறுவை தேவைப்பட்டவர்கள் 60 பேர். ஆனால் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களோ 14,969 பேர்! ஸ்கேனுக்குப் பயன்படும் எக்ஸ் கதிர்கள், வளரும் உடலில் பிற்காலப் புற்றுநோய் வாய்ப்பைச் சிறிதளவு கூட்டக்கூடும். ஆகவே, யாருக்கு ஸ்கேன் வேண்டியதில்லை என்று கண்டறிவதே ஆய்வின் நோக்கம்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு விதி ஆறு கேள்விகளைக் கேட்கிறது. மனத்தெளிவு மாறியிருக்கிறதா? நெற்றி தவிரத் தலையில் வேறெங்கேனும் வீக்கமா? 5 விநாடியோ அதற்கு மேலோ நினைவு தப்பியதா? விபத்து கடுமையானதா? தொட்டுப் பார்த்தால் எலும்பு முறிவு தென்படுகிறதா? பெற்றோர் கண்ணுக்குக் குழந்தை வழக்கம்போல் இல்லையா? ஆறுக்கும் விடை ‘இல்லை’ என்றால் ஸ்கேன் வேண்டியதில்லை. பெரிய குழந்தைகளுக்கு வாந்தி, கடுந்தலைவலி ஆகியவையும் கணக்கில் சேரும். விதியைச் சோதித்தபோது, ஆறும் ‘இல்லை’ என்றிருந்த சிறு குழந்தைகள் 1,176 பேர். அவர்களுள் ஒருவருக்கும் கவலைக்குரிய காயம் இல்லை. பெரிய குழந்தைகள் 3,800 பேரில் இருவர் மட்டும் தப்பினர். அவர்களுக்கும் அறுவை தேவைப்படவில்லை.

இவ்விதியின் முதற் சிறப்பு, அது புடைப்பின் பருமனைக் கண்டு மிரளவில்லை என்பதாகும். மண்டைத்தோலில் இரத்தக் குழாய்கள் நிறைந்துள்ளன. ஆகவே சிறு அடிக்கும் அது பெரிதாக வீங்கும். ஆபத்து எலும்புக்கு வெளியே அன்று, உள்ளே இருக்கிறது. மண்டையோடு ஏறத்தாழ ஒரு மூடிய பெட்டி. அதனுள் இரத்தம் கசிந்தால் அதற்கு இடமில்லை. அழுத்தம் உயர்ந்து மூளை நெருக்கப்படும். கசிவு மெதுவானதாயின், முதலில் ஓடி விளையாடிய குழந்தை சில மணி நேரம் கழித்தே சோர்ந்துவிழும். வெளியே தெரியும் புடைப்பு இந்த அழுத்தத்தைக் காட்டும் மானி அன்று.

இரண்டாம் சிறப்பு அதனினும் பெரிது. ‘இவன் எப்போதும்போல் இல்லை’ என்று தாய் சொல்லும் சொல்லை இவ்வாய்வு வெறும் பதற்றமென்று தள்ளவில்லை. அதையும் ஓர் அளவீடாக ஏற்றுக்கொண்டது.

குறைகள் இல்லாமல் இல்லை. சிறு குழந்தைக்கு 3 அடி, பெரிய குழந்தைக்கு 5 அடி. அதற்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்தால் கடும் விபத்து என்கிறது விதி. இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் இங்கே எனக்கு ஒரு தடை உண்டு. 90 செ.மீ. உயரத்திலிருந்து விழும் பொருள் விநாடிக்குச் சுமார் 4.2 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். ஆனால் அடியின் கடுமையை அந்த வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு தூரத்துக்குள் தலை நிற்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. சீராக வேகம் குறைவதாகக் கொண்டால், 1 செ.மீ.க்குள் நிற்கும் தலை புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 90 மடங்கு எதிர்முடுக்கம் பெறும், 3 செ.மீ.யில் நின்றால் 30 மடங்குதான். சிமெண்டுத் தரையும் மணலும் ஒன்றாகுமா? விதியில் உயரம் இருக்கிறது, தரை இல்லை. அவசரத்தில் எளிதாகக் கேட்டறியக்கூடிய அளவு உயரமே என்பது உண்மைதான். எனினும், 2 அடியென்றால் அபயம், 4 அடியென்றால் அபாயம் என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

இன்னொரு குறை விதியினுடையது அன்று, அதைப் பயன்படுத்துவோருடையது. ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வதற்கே இவ்விதி எழுந்தது. மருத்துவரிடம் போகலாமா என்று வீட்டில் முடிவு செய்வதற்கு அன்று. எலும்பு முறிவைத் தடவி அறியவும், மனத்தெளிவை அளவிடவும் பயின்ற கை வேண்டும். நடக்கும்போது தடுக்கி விழுந்து சிராய்ப்பு மட்டும் பெற்ற குழந்தைகளை இவ்வாய்வு சேர்த்துக்கொள்ளவே இல்லை. எனவே அதன் விழுக்காடுகளை நம் வீட்டு முற்றத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

கொண்டுவரக்கூடியது அதன் நோக்குதான். அடிபட்ட குழந்தை உடனே அழுது, பிறகு அடங்கி, வழக்கம்போல் உண்டு விளையாடுகிறதா? துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒத்தடம் கொடுத்து, ஒரு நாள் முழுதும் கவனித்திருங்கள். தூங்கும் நேரம் வந்தால் தூங்கட்டும். எழுப்பினால் இயல்பாக விழிக்கிறதா என்று இடையிடையே பாருங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தையானால் மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது.

நினைவு தப்புதல், வலிப்பு, மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்ப முடியாத உறக்கம், ஓயாத அழுகை, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தள்ளாட்டம், காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர், நெற்றி தவிர மற்ற இடத்தில் மெத்தென்ற வீக்கம் — இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்க வேண்டாம். மாடியிலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தாலும் அப்படியே. தமிழ்நாட்டில் 108-ஐ அழையுங்கள்.

பட்டியலில் எதுவும் பொருந்தாவிட்டாலும், ‘குழந்தை ஏதோ மாறியிருக்கிறது’ என்று உங்களுக்குத் தோன்றினால் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். அந்தத் தோற்றத்துக்கும் விதியில் ஓர் இடம் உண்டு.